பால்கனியில் தெரியக்கூடாத அப்பா

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு வாய் முந்திக்கொள்ளும். மூளை பின்னால் ஷேர் ஆட்டோ பிடித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு நிதானமாக வந்து சேரும். அதற்குள் வாய் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு, எனக்கென்ன என்று உட்கார்ந்திருக்கும். ஐம்பத்து மூன்று வயதுக்கு மேல் இதைத் திருத்த முடியாது என்று மனைவி கைகழுவிவிட்டாள். நானும் இதை வைத்தே ஆபீசில் நாலு பேரைச் சிரிக்கவைத்துக் காலம் தள்ளுகிறேன். காட்டுப்பாக்கத்து வீட்டு விஷயத்தை மட்டும் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பூந்தமல்லியில் பதினோரு வருடம் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாக அதன் சொந்தக்காரர் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அது ஒரு வரிசை வீடு. முன்னால் சுவர், பின்னால் சுவர், நடுவில் டியூப்லைட். அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் லேத் முன்னால் நின்றவர். அவரோடு சேர்ந்து அவருடைய இரண்டு முட்டிகளும் ரிட்டயர் ஆகிவிட்டன. தெருமுனை டீக்கடைக்குப் போவது நின்றது, பிறகு வாசல் வரை போவதும் நின்றது. பகல் முழுக்க அந்த டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

"புது ஊடு பாக்கச்சொல்ல ஒரு பால்கனி கீற மாதிரி பாருடா," என்றார் ஒரு நாள். "என்னால ரோட்டுக்குப் போவ முடியல. ரோடாவது எங்கிட்ட வரட்டும்."

என் நினைவில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது மூக்குப்பொடிக்கு அடுத்தபடியாக இது ஒன்றுதான்.

முதலில் நசரத்பேட்டையில் ஒரு வீடு. மாடி, நல்ல பால்கனி, கீழே பஸ் போகிற சாலை. வீட்டுக்கார அம்மா காபியெல்லாம் கொடுத்தார். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படீங்களா. ஐயாவுக்கு உடம்புக்கு ஏதும்..."

"முட்டி மட்டுந்தாங்க. மத்ததெல்லாம் கல்லு மாதிரி."

மறுநாள் போன் வந்தது. நாத்தனார் பையன் திடீரென்று குடும்பத்தோடு வருகிறானாம். அந்த நாத்தனார் பையன் இரண்டு வாரம் கழித்தும் வரவில்லை. 'வீடு வாடகைக்கு' போர்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதாகப் பார்த்த வீட்டுக்காரர் கொஞ்சம் நேர்மையானவர். அப்பாவின் வயதைக் கேட்டதும், "தப்பா நெனச்சிக்காதீங்க சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார். "சார், ஒரு சாவு உழுந்த ஊட்ட ஆறு மாசம் பூட்டி வெச்சிக்கணும். ஒருத்தனும் குடி வர மாட்டான். ஓனருங்க பயப்படுறாங்கோ. நீங்க இன்னாத்துக்கு பெரிசு மேட்டர முன்னாடியே அவுக்குறீங்கோ? உள்ள பூந்துட்டா அப்பால யாரு இன்னா பண்ணிக்க முடியும்?"

பூந்தமல்லி வீட்டைக் காலி செய்ய அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாவதுதான் காட்டுப்பாக்கம். மனைவியும் கூட வந்திருந்தாள். எதிரும் புதிருமாக இரண்டு பிளாக், நடுவில் ஒரே ஒரு சறுக்குமரம் உள்ள பூங்கா, கேட்டில் ஒரு காவலாளி, அவருக்குப் பக்கத்தில் அவரைவிட வயதான ஒரு நாற்காலி. வீட்டுக்காரர் அந்த ஊர்க்காரர். "இதெல்லாம் எங்க கத்திரிக்கா தோட்டம் சார். பில்டருக்குக் குடுத்தோம், அவன் நாலு ஊடு குடுத்தான்," என்றார். அவர் குடியிருந்தது எதிர் பிளாக்கில் மூன்றாவது மாடி. எனக்குக் காட்டிய வீடு இந்தப் பிளாக்கில் மூன்றாவது மாடி.

பால்கனிக் கதவைத் திறந்தார். பத்தடி நீளம். எதிர் பிளாக்குக்கு இடப்புறமாகப் பார்த்தால் கேட், அதைத் தாண்டி போரூர் போகிற சாலை, மெட்ரோத் தூண்கள், பஸ், டீக்கடை, அதன் முன்னால் பொழுது போகாத நாலு பேர். அப்பாவின் நாற்காலியை நான் மனதில் கொண்டுவந்து போட்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தியும் வைத்துவிட்டேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சார்," என்றார் வீட்டுக்காரர். "ஊட்ல வயசானவங்க யாராச்சும் கீறாங்களா?"

"இல்லவே இல்ல," என்றேன்.

இல்லை என்றால் போதாதா? 'இல்லவே' எதற்கு? சரி, அதோடாவது நிறுத்தினேனா? "நாங்க ரெண்டே பேர்தான் சார். பையன் கோயம்புத்தூர்ல படிக்கிறான். என் அப்பா அம்மா, இவங்க அப்பா அம்மா, எல்லாரும் எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க." ஒரே மூச்சில் நாலு பேருக்குக் காரியம் முடித்தேன். அதில் மூன்று பேர் ஏற்கெனவே இறந்தவர்கள் என்பதால் முக்கால் பங்கு உண்மைதான் பேசினேன் என்று பிறகு மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"அப்ப ஒண்ணும் பிரச்சின இல்ல. இதையே எடுத்துக்கங்க," என்றார் அவர்.

அந்த 'அப்ப' என் காதில் விழத்தான் செய்தது. ஏன் 'அப்ப' என்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

படி இறங்கும்போது மனைவி கேட்டாள். "மாமாவ என்ன பண்ணப் போறீங்க?"

"கூட்டிட்டுத்தான் வரப்போறோம். கெஸ்ட்டுன்னு சொல்லிக்கலாம்."

"எத்தன வருஷத்துக்கு கெஸ்ட்டு?"

நான் லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். அன்றைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் புது வீட்டில் பால் காய்ச்சாமல் யாரும் குடி போவதில்லை. பாஸ்டர் ஜெபம் செய்வார், வீட்டில் மூத்தவர் அடுப்பைப் பற்றவைப்பார், பால் பொங்கும். இந்தத் தடவை மூத்தவர் திருமழிசையில் என் தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் வந்தால் முதல் கேள்வியே "அப்பா எங்கே?" என்பதாகத்தான் இருக்கும் என்பதால் பாஸ்டரையும் கூப்பிடவில்லை. நானே ஜெபம் செய்தேன். பொய் சொல்லிப் பிடித்த வீட்டை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்கும்போது குரல் ஒரு மாதிரியாகத்தான் வரும். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான் பக்தியில் உருகுவதாக நினைத்து அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பால் குடித்துக்கொண்டே வீட்டுக்காரர் ஹால் சுவரைச் சுற்றிலும் பார்த்தார். "அப்பா அம்மா போட்டோ மாட்டலையா சார்? மாட்டுங்க. பெரியவங்க ஆசீர்வாதம் வேணும்ல."

"அம்மாது மாட்டணும் சார். அப்பாது ஃபிரேம் போடக் குடுத்திருக்கு," என்றேன்.

மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்தைக் காவலாளியிடம் நைசாக விசாரித்து வைத்துக்கொண்டு, அப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். லிஃப்டில் ஏறும்வரை அவர் தலையில் ஒரு துண்டு. மேலே வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஃபிரேம் போட்ட கதையை மனைவி சேர்த்துச் சொன்னாள்.

அப்பா முதலில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "இன்னாடா, நான் இன்னா திருட்டு சாராயமா, முக்காடு போட்டு எத்துக்கினு வர்ற? போட்டோ போடறதுதான் போடற, பொம்பளப் புள்ளைங்க பாத்தா திரும்பிப் பாக்குற மாதிரி ஒண்ணு போடு."

அவர் சிரித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்தால் நான் எப்போதும் அப்படித்தான் நினைப்பேன்.

வீட்டுக்காரர் தன் பால்கனியில் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை பேப்பரோடும் போனோடும், மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை சும்மாவும் உட்காருவார். எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே. காற்று வருவதும் அந்த நேரம், ரோட்டில் ஏதாவது நடப்பதும் அந்த நேரம். ஆக அப்பாவுக்குக் கிடைத்தது பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை. சென்னையில் அந்த நேரத்தில் பால்கனியில் அப்பளம் காய வைக்கலாம், அப்பாவை வைக்க முடியாது. கொடியில் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் அவரை உட்காரவைத்துப் பார்த்தேன். ஓரமாக நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக டீக்கடையின் பாதியும் ஒரு மெட்ரோத் தூணும் தெரியும்.

"பஸ்ஸு மூஞ்சி மட்டும் தெரியுது. பின்னாடி வர்றத்துக்குள்ள தூண் மறைக்குது," என்றார். "பரவால்ல. மீதிய நானா நெனச்சிக்கிறேன்."

பிறகு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பெட்ஷீட் போட்டோ வந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம். பதறிப்போய் ஓடி அதை எடுத்தேன். பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். "போய்ச்சா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்து உள்ளே வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்ரூமில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அப்பாவைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்காரர் ஹாலில் நிற்கும்போது உள்ளே இருமல் சத்தம். உடனே நான் இருமினேன். உள்ளே மறுபடி. நான் மறுபடி. ஒரு கட்டத்தில் யார் முதலில் இருமுகிறோம் என்றே தெரியவில்லை, கச்சேரியில் தனியாவர்த்தனம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார், நெஞ்சுல சளி கட்டிக்கிச்சி போல," என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் அவர் மனைவி ஒரு சொம்பு கஷாயம் கொடுத்தனுப்பினார். மூன்று நாள் தொடர்ந்து. அதை அப்பா குடிக்கவேயில்லை, "உனக்குத்தான குடுத்தாங்கோ, நீயே குடி," என்று சொல்லிவிட்டு, நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாவது நாள் அவர் சிரிக்கவில்லை. நான் அதையும் கவனித்தேன், அதற்கும் ஒன்றும் செய்யவில்லை.

இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. பெட்ஷீட்டுக்குப் பிறகு அவர் பால்கனிப் பக்கம் அதிகம் போகவில்லை. ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார ஆரம்பித்தார். பால்கனிக்காக வீடு மாறியவர்கள் நாங்கள். ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குப் போய் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். காலையில் ஷூ போடும்போது, காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று தோன்றும். லேஸைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

ஆடி மாதக் காற்றில் லிஃப்ட் நின்றது. ஏதோ பாகம் வர வேண்டும் என்று இரண்டு வாரம் நின்றபடியே இருந்தது. அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள் அதற்கு நடுவில் வந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "எறங்கிக்கலாம் வா. பொதுவா மலை ஏறுறதுதான் கஷ்டம்," என்றார். ஒரு கையால் கம்பி, ஒரு கையால் என் தோள். ஒவ்வொரு படியிலும் முதலில் இடது கால், அப்புறம் வலது கால், அப்புறம் மூச்சு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் வந்து நின்றபோது, கீழேயிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரனைத் திட்டிக்கொண்டே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"யாரு சார் இவரு?"

என் தோளில் அப்பாவின் கை இருந்தது. விரல்களின் அழுத்தம்கூடத் தெரிந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான இடம் வேறு இருக்க முடியாது.

"சொந்தக்காரர் சார்," என்றேன். "தூரத்துச் சொந்தம். ரெண்டு நாள் தங்க வந்திருக்காரு."

தோளிலிருந்த கை எடுபடவில்லை. அது எடுபட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அப்பா வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமா சார். கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரொம்ப நல்ல மாதிரி, தங்கிக்கன்னாரு."

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். "இன்னா சார் நீங்க, இவ்ளோ வயசானவர இப்புடி எறக்கலாமா? ஒரு போன் போட்டா ரெண்டு பசங்கள அனுப்பி நாற்காலில வெச்சி தூக்கிக்கினு போவச் சொல்லியிருப்பேன்ல?" சொல்லிக்கொண்டே அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த பிளாக்குல லிஃப்டு எப்பவும் தகராறுதான் பெரியவரே. அதுக்குத்தான் இவர மொதல்லயே கேட்டேன், ஊட்ல வயசானவங்க கீறாங்களான்னு. இருந்தா கீழ் ஊட்டக் குடுத்திருப்பேன். அதும் நம்மளுதுதான். ஜம்முனு வெளிய வந்து உக்காரலாம், ரோடு நேரா தெரியும். இவருதான் யாரும் இல்லன்னுட்டாரு. அப்பாலதான் வேற ஒருத்தருக்குக் குடுத்தேன்."

அப்பா ஒரு படி இறங்கினார். "அப்படியா சார்," என்றார். அடுத்த படி. "நல்ல ஊடுதான் போல."

நாங்கள் மூன்று பேரும் கீழே வந்து சேரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். திரும்ப ஆட்டோவில் ஏறியதும் அப்பா டிரைவரிடம், "திருமழிசைக்கு உடுப்பா," என்றார்.

"லிஃப்ட் சரியாகுற வரைக்கும்தான நைனா?" என்றேன்.

"ஆங்," என்றார். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே எதிர் பிளாக்குக்குப் போய் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலி செய்யச் சொன்னால் செய்கிறேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்க அம்மா கடேசி வரைக்கும் அந்தக் கீழ் ஊட்லதான் இருந்தாங்கோ சார்," என்றார். "அங்கியேதான் போனாங்கோ. ரெண்டே மாசத்துல ஆளு வந்திச்சி. இன்னா பெரிய சாவு? சாவாத ஊடு எங்க கீது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பெத்தவர நிக்க வெச்சிக்கினு எப்புடி சார் அப்புடிச் சொன்னீங்கோ?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லிஃப்ட் பத்து நாளில் ஓடியது. கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்தால் முதலில் உங்களுக்குத்தான் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். இரண்டு நற்செய்தியையும் எடுத்துக்கொண்டு திருமழிசைக்கு ஓடினேன். தங்கை வீடு எஸ்டேட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வாசலுக்கு நேரே ஏதோ ஒரு கம்பெனியின் பின்சுவர். லாரி போகிற சத்தம் கேட்கும், லாரி தெரியாது. அப்பா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு எல்லாம் தெரியும் நைனா. சொல்லிட்டேன். இனிமே காலைல ஆறு மணிக்கே பால்கனில உக்காரலாம். அவரே எதிர்ல உக்காந்து உங்களோட பேசுவாரு."

"நல்ல மன்ஷன்," என்றார் அப்பா.

"அப்ப கெளம்புங்க."

"இல்லடா, நான் இங்கியே இருந்துக்கறேன்."

"என் மேல கோவமா?"

"கோவம் இன்னாடா கோவம்." பொடி டப்பாவை எடுத்து மூடியைத் தட்டினார். "அந்த ஊடு நல்லாத்தான் கீது. உன்னப் பாத்தாத்தான் எனக்குப் பாவமா கீது. நான் இருமுனா உனக்கு வேர்க்குது. பெல் அடிச்சா எங்கிட்ட ஓடியாற. இன்னிக்கி இது சரியாச்சி, நாளைக்கி வேற எதுக்காச்சும் பயந்துக்குவ. சின்னதுலேந்து நீ அப்டித்தான். பெத்த புள்ளைய இப்புடிப் பயமுறுத்திக்கினு நான் இன்னாத்தடா ரோட்டப் பாக்குறது?"

அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். ஜோக்கும் அடித்துப் பார்த்தேன். அதற்குச் சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் நானும் மனைவியும் திருமழிசைக்குப் போகிறோம். வீட்டுக்காரர் அப்பாவுக்கென்று பழம் கொடுத்தனுப்புவார். மற்ற நாட்களில் காலையில் அவர் அந்தப் பால்கனியில் பேப்பரோடு இருக்கும்போது, நான் இந்தப் பால்கனியில் காபியோடு நிற்பேன். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடிப்பார்.

"அப்பா எப்ப வர்றாரு சார்?"

"அடுத்த வாரம் சார்," என்பேன். மாதக்கணக்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய பொய்யிலிருந்து வெளியே வந்த கையோடு இன்னொன்றுக்குள் குடியேறிவிட்டேன்.

போன வாரம் கீழ் வீடு காலியானது. அதைச் சொல்லத்தான் காத்திருந்தார் போல. என்னைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், கீழ் ஊடு ரெடி. வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். அப்பா எப்ப வர்றாரு?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவரு வர மாட்டாரு சார்," என்றேன்.

கீழே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டார். "இன்னா சார்? கேக்கல."

இரண்டு பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி, அதை இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.